கைத்தறிக் கோலத்தை வரையும்போது ஒவ்வொரு நூலையும் காட்ட வேண்டுமா?

உப்புவெளி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் நான், செடிகொடிகளையும் சிப்பி சோகிகளையும் நீர்வர்ணத்தில் நுணுக்கமாக வரைந்து பழகியவள். அந்தப் பழக்கத்தைக் கொண்டு இப்போது கைத்தறிப் புடவைகளின் கோலங்களை வரையத் தொடங்கியிருக்கிறேன். வீட்டு அலுமாரியில் அம்மம்மா உடுத்த பருத்திச் சேலைகள், மருதமுனையில் நெய்த கட்டம் போட்ட சாறங்கள், காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை ஒன்று ஆகியவை இருக்கின்றன. அவற்றுள் சில மடிப்பு வழியே இற்றுப்போகத் தொடங்கிவிட்டன. முற்றாகக் கிழிவதற்கு முன் ஒவ்வொன்றின் கோலத்தையும் கடதாசியில் பதிந்து வைக்க விரும்புகிறேன்.

புகைப்படம் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். எடுத்துப் பார்த்தேன். கைத்தொலைபேசிப் படத்தில் சாறத்தின் சிறு கட்டங்களின் மேல் புடவையில் இல்லாத அலையலையான கோடுகள் விழுகின்றன. ஊதா நிறம் நீலமாகிவிடுகிறது. ஒரு நூல் எங்கே மேலே வந்து எங்கே கீழே போகிறது என்பதும் தெரிவதில்லை.

என் சிக்கல் இதுதான். அம்மம்மாவின் சேலை ஒன்றில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எண்ணியபோது, ஒரு சென்ரிமீற்றருக்கு நெடுக்கில் 24 நூல்களும் குறுக்கில் 22 நூல்களும் இருந்தன. அப்படியானால் உள்ளபடியே பத்துச் சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வரைய, 52,800 சந்திப்புகளைத் தீட்ட வேண்டும். அது இயலாத காரியம் என்பதால் நூல்களை விட்டுக் கோடுகளையும் கட்டங்களையும் மட்டும் அளந்து வரைந்தேன். அளவு பிசகவில்லை, நிறமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆனால் வந்தது கணக்குக் கொப்பியின் கட்டங்களுக்கு நிறம் தீட்டியது போன்ற ஒன்றே தவிர, புடவை அன்று. கரையிலுள்ள அன்னப் பறவையை வரைந்தால் அது அச்சடித்த சீத்தைத் துணியின் பறவையாகிவிடுகிறது. கட்டங்களில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் தோன்றும் மூன்றாவது நிறத்தை எப்படிக் கலந்தாலும் அது சேறாகிவிடுகிறது. நெசவு தெரிந்தவர்களும் ஓவியம் தெரிந்தவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மருதமுனைத் தறி

வணக்கம் சகோதரி. எங்கள் குடும்பம் மருதமுனையில் தலைமுறையாகத் தறியை நம்பி வாழ்வது. எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது. நெசவுப் பக்கத்திலிருந்து சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

புடவையைக் கையில் எடுத்ததும் எது பாவு, எது ஊடை என்று பார்த்துவிடுங்கள். கரையோரத்துக்கு இணையாக ஓடுவது பாவு. அதைக் குறுக்கே கடப்பது ஊடை. ஓரம் இல்லாத வெட்டுத் துண்டானால், அச்சின் (பாவு நூல்களைப் பிரித்து வைக்கும் தறிச் சீப்பின்) பற்களுக்குள் கோத்து வந்தபடியால் ஒரே சீரான இடைவெளியோடு இருப்பது பெரும்பாலும் பாவாக இருக்கும். ஊடை நூல் சற்று வளைந்தும், ஓரிடத்தில் நெருங்கியும் இன்னோரிடத்தில் விலகியும் கிடக்கும், ஏனென்றால் அதன் நெருக்கம் நெய்பவர் அடிக்கும் அடியைப் பொறுத்தது. தறியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கிய இடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய பட்டை தெரியும். கரையோரங்களில், துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசிமுனை பட்ட சிறு துளைகளும் இருக்கும். இவை கைத்தறிக்கு உரிய அடையாளங்கள். வரையும்போது அழுக்கென்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

உங்கள் படம் கட்டக் கொப்பியாகிவிடுவதற்குக் காரணம், நெடுக்குக் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் நீங்கள் ஒரே அடிமட்டத்தால் இழுப்பதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாவின் நிற வரிசை தறியில் ஏற்றும்போதே முடிவாகிவிடுவதால், அந்தக் கோடுகள் சேலையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை ஒரு நூல்கூடப் பிசகாமல் ஓடும். ஊடையின் வரிசை அப்படியன்று. நாடாவை, அதாவது ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடத்தை, மாற்றி மாற்றி, மனத்தில் எண்ணி எண்ணிப் போடுவது. அங்கே ஓரிரு நூல் கூடும், குறையும். ஆகவே பாவுக் கோடுகளுக்கு அடிமட்டத்தைப் பிடியுங்கள், ஊடைக் கோடுகளைக் கையாலேயே இழுங்கள். அதோடு, கட்டங்கள் எல்லாம் சதுரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சேலையிலேயே நெடுக்கில் 24, குறுக்கில் 22 என்று எழுதியிருக்கிறீர்கள். இருபக்கமும் ஒரே எண்ணிக்கையான நூலால் கட்டம் போட்டிருந்தால் அது சற்று நீண்ட கட்டமாகத்தான் விழும்.

மூன்றாவது நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சாதாரண நெசவில் ஒரு நூல் மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறிப் போகும். நீலப் பாவை நீல ஊடை கடக்கும் கட்டம் முழு நீலம். வெள்ளையை வெள்ளை கடந்தால் முழு வெள்ளை. நீலத்தை வெள்ளை கடக்கும் கட்டத்தில் பாதிப் புள்ளி நீலம், பாதிப் புள்ளி வெள்ளை. அங்கே வெளிர்நீலம் என்று தனியாக ஒரு நூல் கிடையாது. பாவிலும் ஊடையிலும் அதே நான்கு நிறங்களை அதே வரிசையில் போட்டால், நான்கு தனி நிறங்களும் ஆறு கலப்பு நிறங்களுமாகப் பத்துத் தோற்றங்கள் வரும். ஐந்து நிறமானால் பதினைந்து. எனவே நிறம் கலக்க உட்காருவதற்கு முன், உங்கள் சாறத்தின் பாவு வரிசையை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள்: நீலம் 40, வெள்ளை 4, அரக்கு 12, வெள்ளை 4 என்பது போல. ஊடை வரிசையையும் அப்படியே எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளும் கையில் இருந்தால் புடவை முழுவதும் இற்றுப்போனாலும் நாங்கள் அதைத் திரும்ப நெய்துவிடலாம். நெசவாளியின் கண்ணுக்கு, எவ்வளவு அழகான படத்தைவிடவும் அந்த இரண்டு வரிகள் பெரியவை. ஓவியர்கள் கோபிக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில சேலைகளில் மெல்லிய வரிகள் ஓரிடத்தில் நெடுக்காகவும் அடுத்த இடத்தில் குறுக்காகவும் ஓடி, பின்னிய பாய் மாதிரித் தெரியும். அங்கே நெசவு மாறவில்லை. பாவிலும் ஊடையிலும் ஒரு கருநூல், ஒரு வெண்ணூல் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். கருநிற ஊடை வரும்போது கருநிறப் பாவு மேலே எழுந்தால் அந்த வரி முழுவதும் கறுப்பு, அடுத்த வரி முழுவதும் வெள்ளை. ஆகவே கோடு குறுக்காக விழும். ஓரிடத்தில் ஒரே நிற நூல் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் முறை மாறி, அதற்கு அப்பால் கோடு நெடுக்காகிவிடும். இதை வெறும் கண்ணால் பார்த்துக் கோடு கோடாக வரைந்தால் எந்த இடத்தில் திரும்புகிறது என்று பிடிபடாது. அந்த இரட்டை நூலைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அன்னப் பறவையைப் பொறுத்தவரை, தறியில் வளைகோடு கிடையாது. பறவையின் கழுத்து வளைவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், அது படிப்படியாக ஏறி இறங்குவது. ஒரு படிக்கு எத்தனை பாவு நூல், எத்தனை ஊடை என்று கண்ணாடியால் எண்ணி, படிகளாகவே வரையுங்கள். விளிம்பை வழவழவென்று இழுத்தவுடன் அது சீத்தைத் துணி ஆகிவிடும்.

சித்திர ஆசிரியர் (ஓய்வு), திருகோணமலை

மருதமுனை நண்பர் கூறியவற்றைப் படித்தபோது, பாடசாலையில் நான் கற்பித்த காலத்தில் இப்படி ஒருவர் வகுப்புக்கு வந்து பேசியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. பாவுக்கு அடிமட்டம், ஊடைக்குக் கை என்ற அவருடைய விதியை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். நூல் வரிசையை எழுதிவைத்தால் நெய்வதற்குத் தேவையான திட்டம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சகோதரி வைத்திருப்பது ஒருவர் பல்லாண்டு உடுத்து, தோய்த்து, வெயிலில் உலர்த்திய சேலை. மடிப்பில் வெளிறிய நிறமும், கரைக்கு அருகில் இழுபட்டுச் சாய்ந்த நூல்களும் எந்தத் திட்டத்திலும் இடம்பெறமாட்டா. அவற்றைப் பதிவதற்குத்தான் ஓவியம் வேண்டியிருக்கிறது. தறியில் ஏறிய நாளின் புடவையை வரைவதா, இன்று கையில் இருக்கும் புடவையை வரைவதா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் பின்னர் பார்ப்பவருக்கு எது நெய்தது, எது தேய்ந்தது என்று தெரியாமற்போகும்.

எல்லா நூலையும் வரைய வேண்டுமா என்ற கேள்விக்கு விடை, நீங்கள் பழகிய தாவர ஓவியத்திலேயே இருக்கிறது. ஒரு கிளையில் இருபது இலைகள் இருந்தாலும் ஓரிரு இலைகளுக்கே நரம்பு முழுவதையும் தீட்டி, மற்றவற்றை மெல்லிய நிறத்தோடோ வெறும் கோட்டோடோ விட்டுவிடுவார்கள். அதே மரபைப் புடவைக்கும் கொண்டுவரலாம். கோலம் ஒருமுறை முழுமையாகச் சுற்றி வரும் பகுதியை உள்ளபடி அளவில், நூல் காட்டாமல், நிறமும் விகிதமும் மட்டும் தெரிய வரையுங்கள். அதன் அருகில், ஒரு சென்ரிமீற்றர் சதுரத்தை மாத்திரம் ஐந்து மடங்கு பெருப்பித்து, ஒவ்வொரு நூலும் மேலே வருவதையும் கீழே போவதையும் காட்டித் தீட்டுங்கள். உங்கள் கணக்குப்படி நூல் ஒன்றுக்கு இரண்டு மில்லிமீற்றர் கிடைக்கும். ஒன்றாம் இலக்கத் தூரிகைக்கு அது தாராளம். 52,800 சந்திப்புகள் 528 ஆகக் குறைந்துவிடும். அந்தச் சதுரத்தை எங்கே தெரிவுசெய்வது என்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. இரண்டு நிறக் கட்டங்கள் சந்திக்கும் மூலையோ, உடலும் கரையும் சேரும் இடமோ பெரும்பாலும் பொருத்தமாக அமையும்.

நிறம் சேறாவதற்குக் காரணம், புடவையில் பக்கம் பக்கமாக இருக்கும் நிறங்களை நீங்கள் தட்டில் ஒன்றாகக் கலப்பதுதான். சிவப்பு நூலும் பச்சை நூலும் அடுத்தடுத்து இருக்கும்போது கண் அவற்றின் ஒளியைச் சேர்த்துப் பார்க்கிறது. சிவப்பு வர்ணத்தையும் பச்சை வர்ணத்தையும் குழைத்தால் ஒவ்வொன்றும் மற்றதன் ஒளியை விழுங்கிவிடுகிறது. ஆகவே உள்ளபடி அளவிலான பகுதியில்கூட, ஒரு நிறத்தை மெல்லியதாகப் பூசி நன்றாக உலரவிட்டு, அதன் மேல் மற்ற நிறத்தை விட்டு விட்டு ஓடும் மெல்லிய கோடுகளாக இழுங்கள். கோடுகளின் எண்ணிக்கை நூலின் எண்ணிக்கையோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. திசை ஒத்திருந்தால் போதும்.

அருகருகே இருக்கும் நிறங்கள் கண்ணை ஏமாற்றுவதைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனெனில் அது பரவலாக அறியப்பட்டது நெசவுக்கூடம் ஒன்றில் நடந்த ஆய்வால்தான். பாரிஸின் கோபலென் திரைச்சீலைக் கூடத்தில் 1824 இல் சாயப் பகுதிக்குப் பொறுப்பேற்ற செவ்ரெல் என்ற வேதியியலறிஞரிடம், கறுப்புச் சாயம் அழுத்தமாக ஏறவில்லை என்ற முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குற்றமில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்தபடியால்தான் அந்தக் கறுப்பு வெளிறித் தெரிந்தது. அந்த ஆய்வை விரித்து 1839 இல் அவர் வெளியிட்டது பிற்கால ஓவியர்கள் பலருக்கு வழிகாட்டியாயிற்று. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: வெள்ளை அட்டையில் சிறு சதுர ஓட்டை வெட்டி, அதைப் புடவையின் மேல் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் பார்த்துக் கலந்துகொள்ளுங்கள். ஓட்டைக்குள் அழுத்தமாகத் தெரியும் கறுப்பைக் கண்டு பயந்து அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். படம் நிறைந்ததும் அது தானாகச் சரியாகும்.

வெளிச்சத்தைப் பற்றி ஐரோப்பியக் கைநூல்கள் எல்லாம் வடக்கு யன்னலை நாடும்படி சொல்கின்றன. நம் ஊருக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையளவில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலிலும் வெயில் நேராக விழும். மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி ஒளியைப் பரப்பிக்கொள்ளுங்கள், அல்லது அக்காலத்தில் தெற்கு யன்னலுக்கு மாறுங்கள். அதே மாதங்களில் கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும்போது வர்ணம் தூரிகையிலேயே உலர்ந்துவிடும். யன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஈரத்துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இடங்களை மறைக்கப் பூசும் இறப்பர்ப் பால் திரவத்தை நமது வெக்கையில் பல மணிநேரம் கடதாசியில் விட்டால், உரிக்கும்போது கடதாசியின் தோலும் சேர்ந்து வரும். நூல் வேலைக்கு அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

கடதாசி 300 கிராம் எடையுள்ள, பருத்தியாலான, வழவழப்பான மேற்பரப்புக் கொண்டதாக இருக்கட்டும். சொரசொரப்பான கடதாசியில் அதன் சொந்தத் தடிப்பே நெசவு போலத் தெரிந்து உங்களைக் குழப்பும். வெள்ளை நூலுக்குக் கடதாசியின் வெள்ளையை விட்டுவைப்பதே சிறப்பு. கருநிறத்தின் மேல் ஓடும் மெல்லிய வெண்ணூலுக்கு மட்டும் குவாஷ் (அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் தடித்த நீர்வர்ணம்) பயன்படுத்துங்கள். குவாஷில் வெளிர்நிறங்கள் உலர்ந்ததும் சற்றுக் கறுக்கும், கருநிறங்கள் சற்று வெளிறும். எனவே தனித் துண்டில் தீட்டி உலரவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள்.

பழைய சேலைகளின் அரக்குச் சிவப்புக்குப் பலரும் அலிசரின் கிரிம்சன் என்ற நீர்வர்ணத்தை எடுப்பார்கள். பொருத்தமான நிறந்தான், ஆனால் வெளிச்சத்தில் மங்கிவிடும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்த சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். படிகாரம் ஊட்டிய பருத்தியில் உறுதியாக நிற்கும் அந்தச் சிவப்பு, நீர்வர்ணமாகிக் கடதாசிக்கு வந்ததும் நிலைப்பதில்லை. அதற்குப் பதிலாகக் குயினக்ரிடோன் வகைச் சிவப்புகளில் ஒன்றை எடுத்து, ஒரு துளி பழுப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. மருதமுனை நானா சொன்னபடி சாறத்தின் வரிசையை எண்ணி எழுதினேன். நான் ஐந்து நிறம் என்று நம்பியிருந்த சாறத்தில் மூன்றே நிற நூல்கள்தான் இருக்கின்றன. மிகுதி எல்லாம் கலப்பு. ஆசிரியர் ஐயா கூறியதுபோல் பெருப்பித்த சதுரத்தைக் கரை சேரும் மூலையில் தொடங்கியிருக்கிறேன்.

பட்டுச் சேலையில் இன்னும் தடுமாறுகிறேன். அதன் உடல் மயில் கழுத்து நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. எதை வரைவது? கரையிலுள்ள சரிகைக்குப் பொன்னிற வர்ணத்தை வாங்கிப் பூசலாமா? அன்னப் பறவையின் பின்பக்கத்தைப் பார்க்கலாம் என்றால், சேலைக்கு ஃபோல் (கீழ்க்கரையின் உட்புறத்தில் வைக்கும் பட்டைத் துணி) அடித்துத் தைத்திருக்கிறது. பிரிக்க மனம் வரவில்லை.

கொட்டியாரம்

புடவைத் துண்டுகளைச் சேகரித்து அட்டவணைப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

மயில் கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பட்டு நூல் பளபளப்பானது ஆகையால், ஒளி எந்த நூலின் நீளவாக்கில் எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்பதைப் பொறுத்து ஒன்று மேலோங்கும். ஒரே படத்தில் இரண்டையும் காட்ட முயன்றால் நடுவில் ஒரு மந்தமான பச்சைநீலந்தான் கிடைக்கும். துணியைத் தட்டையாக விரிக்காமல் ஒரு மென்மையான மடிப்பு விழும்படி வைத்து, அந்த மடிப்பை வரையுங்கள். மடிப்பின் ஒரு சரிவில் நீலமும் மறு சரிவில் பச்சையும் தாமாகவே வந்து நிற்கும். அதன் கீழே தட்டையான இரண்டு சிறு சதுரங்களைத் தீட்டி, ஒன்று பாவுப் பக்கமிருந்து பார்த்தது, மற்றது ஊடைப் பக்கமிருந்து பார்த்தது என்று எழுதிவிடுங்கள்.

கரையின் நிறத்தையும் ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடியிருந்தால், கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்திருக்கும். கரை கலப்பில்லாமல் தெளிந்த நிறமாக இருந்து, உடலும் கரையும் சேரும் கோட்டில் பல் பல்லாகக் கோத்த அடையாளம் தெரிந்தால், அது உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் கொண்டு நெய்த கோர்வைச் சேலை. அந்தக் கோட்டை அடிமட்டத்தால் இழுத்துவிட்டால், அந்தச் சேலையை விலை உயர்ந்ததாக்கிய வேலை முழுவதும் படத்திலிருந்து மறைந்துபோகும்.

சரிகைக்குப் பொன்வர்ணம் வேண்டாம். அது பார்க்கும் கோணத்துக்கேற்ப மின்னுவதால் நிழலும் ஒளியும் உங்கள் கட்டுப்பாட்டில் இராது. படத்தை நகல் எடுத்தால் சாம்பல் திட்டாகிவிடும். மஞ்சட் காவியை அடியில் பூசி, நிழலுக்குப் பழுப்பு, மின்னும் இடத்துக்கு வெறும் கடதாசி என விட்டால் போதும். பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுருட்டி, அதன் மேல் பொன்முலாம் பூசியதே சரிகை. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி கறுத்திருக்கும், சுருள் விலகிய இடத்தில் உள்ளே இருக்கும் பட்டின் நிறம் எட்டிப்பார்க்கும். பெருப்பித்த சதுரத்தில் இவற்றைக் காட்டினால் சரிகை என்று யாரும் எழுதிக் காட்டாமலே விளங்கும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் புடவையின் முழு அகலம், கோலம் திரும்ப வரும் நீளம், சென்ரிமீற்றருக்கான நூற் கணக்கு, படத்தின் பெருக்கம், பயன்படுத்திய வர்ணங்களின் பெயர், தீட்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். இயலுமானால், ஏற்கெனவே பிரிந்து விழுந்திருக்கும் நூலில் ஒரு சிறு இழையைக் கடதாசி உறைக்குள் இட்டு இணையுங்கள். 1866 இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியப் புடவைகளைப் பற்றி 18 தொகுதிகள் தயாரித்தபோது, படம் வரைவிக்காமல் 700 துணிகளை உண்மையாகவே வெட்டி ஒட்டினார். இப்படி இருபது பிரதிகள் செய்தார்கள். இங்கிலாந்தின் ஆலைக்காரர்கள் பார்த்து அதே மாதிரி செய்து விற்கட்டும் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். துணியாக அவை இன்றும் ஒப்பற்ற சான்றுகள்தான். ஆனால் வெட்டிய துண்டில் முழுச் சேலையின் அமைப்பைக் காண்பது கடினம். ஒரு தாளில் முழுச் சேலையின் சிறு வரைபடத்தையும் கோலத்தையும் நூலையும் சேர்த்துத் தரக்கூடியது உங்கள் தூரிகைதான்.

முடித்த தாள்களைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். மாரி காலத்தில், நீர்வர்ணத்திலுள்ள பிசினைத் தேடிப் பூஞ்சணம் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

சித்திர ஆசிரியர் (ஓய்வு), திருகோணமலை

மடிப்பை வரையும் யோசனை அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மடிப்பில் கோடுகள் துணியின் வளைவைத் தொடர்ந்து வளைய வேண்டும், நூல்களின் இடைவெளியும் அப்பால் திரும்பும் பக்கத்தில் குறுக வேண்டும். கட்டம் போட்ட சாறத்தில் இதைச் சில தடவை பென்சிலால் மட்டும் பழகிவிட்டுப் பட்டுக்குப் போங்கள்.

மருதமுனைத் தறி

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. உடுத்த சேலையை நாங்கள் நெய்து தர முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

சகோதரி, ஃபோல் முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. உள்ளே சொருகும் முனையில், உடுத்தும்போது வெளியே தெரியாத இடத்தில், ஒரு பறவை அகலத்துக்குத் தையலைப் பிரித்துப் பாருங்கள். பிறகு அதே துளைகளில் தைத்துவிடலாம். பறவைக்கு வெளியே குறுக்குவாக்கில் நூல் தளர்வாகத் தொங்கிக்கொண்டு போனால், அல்லது தொங்கியதை வெட்டிவிட்ட முனைகள் மயிர் போல நின்றால், கரையின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை நாடா ஓடியிருக்கிறது. நூல் ஒவ்வொரு பறவையின் விளிம்பிலும் திரும்பி அந்தப் பறவைக்குள்ளேயே நின்றுவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறு நூற்சுருளைக் கையால் கோத்து நெய்தது. முன்பக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே பின்பக்கத்தையும் ஒரு சிறு சதுரமாக வரைந்து வையுங்கள்.

அம்மம்மா காலத்துக் கட்டங்களையும் கரைகளையும் தாராளமாக வரைந்து யாருக்கும் காட்டுங்கள். அவை பல ஊர்களில் பலர் நெய்தவை. இப்போது ஒரு பட்டறை புதிதாகப் போட்டு விற்கும் கோலமானால், நூல் வரிசையோடு வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படத்தை மட்டும் போடுவதற்குப் பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். சாறத்தின் மூன்று நிற வரிசையை எழுதிவிட்டதாகச் சொன்னீர்கள். அதை இங்கே பதிந்தால், எந்தக் காலத்து வரிசை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.